இறந்தவரிடம் டி.என்.ஏ கேட்கலாமா? டாலியின் கல்லறையைத் திறக்க வைத்த ‘மகள்’ வழக்கும், நம்மூர் சட்டமும்

2017 ஜூலை 20, வியாழக்கிழமை. ஸ்பெயினின் ஃபிகரஸ் நகரில் உள்ள டாலி மியூசியத்திலிருந்து கடைசிப் பார்வையாளரும் கிளம்பிய பிறகு கதவுகள் மூடப்பட்டன. அதற்குப் பிறகு உள்ளே போனவர்கள் ஓவியம் பார்க்க வந்தவர்கள் அல்ல. நீதிமன்ற ஊழியர்கள், தடயவியல் மருத்துவர்கள், கல்லை நகர்த்தும் தொழிலாளர்கள். செல்போனுக்கு அனுமதி இல்லை. மேலே இருந்து ட்ரோன் மூலம் யாரும் படம் எடுத்துவிடக் கூடாது என்று கண்ணாடிக் கூரைக்குக் கீழே துணி கட்டி மறைத்திருந்தார்கள்.

ஒன்றரை டன் எடையுள்ள கல்லை நகர்த்தி, 28 ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட ஓவியர் சால்வடார் டாலியின் சவப்பெட்டியைத் திறந்தார்கள். 1989இல் அந்த உடலைப் பதப்படுத்திய அதே நிபுணர் நார்சிஸ் பார்டலே அன்றும் உடனிருந்தார். டாலியின் புகழ்பெற்ற மீசை, கடிகாரம் பத்து மணி பத்து நிமிடம் காட்டுவது போல அப்படியே நின்றது என்று அவர் பின்னர் சொன்னது உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. உடல் மரம் போல இறுகிவிட்டதால் எலும்பை எடுக்க மின் ரம்பம் தேவைப்பட்டதையும் அவரே சொன்னார். அது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

முடி, நகம், இரண்டு நீண்ட எலும்புகள். இவ்வளவும் எதற்கு? 61 வயதுப் பெண் ஒருவர், “டாலி என் அப்பா” என்று வழக்குப் போட்டிருந்தார்.

யார் மேல் கேஸ்?

டாலி 1904இல் பிறந்தவர். ரஷ்யாவில் பிறந்த காலாவை மணந்தார். இருவருக்கும் குழந்தை இல்லை. 1982இல் காலா இறந்த சில மாதங்களில் டாலி ஓர் உயில் எழுதினார். ஓவியங்கள், வீடுகள், உரிமைகள் எல்லாமே ஸ்பெயின் அரசுக்கு. இன்று அவற்றை நிர்வகிப்பது காலா-சால்வடார் டாலி அறக்கட்டளை.

ஆகவே, ‘அப்பா’ என்று உரிமை கோரி அந்தப் பெண் நீதிமன்றம் போனபோது எதிர்த்தரப்பில் நின்றது மனைவியோ மக்களோ அல்ல. அரசாங்கமும் ஓர் அறக்கட்டளையும். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு குடும்பம் நிற்கும், “எங்க அப்பா பேரைக் கெடுக்காதீங்க” என்று கத்தும். இங்கே அந்தக் கோபத்தையும் அறக்கட்டளையே ஏற்றுக்கொண்டது.

பெண்ணின் தரப்பு இது: அவருடைய அம்மா 1950களில், டாலியின் வீடு இருந்த போர்ட் லிகாட் பகுதிக்குப் பக்கத்திலுள்ள கடகேஸ் ஊரில் ஒரு குடும்பத்தில் வேலை பார்த்தார். 1955இல் டாலியோடு உறவு ஏற்பட்டது. பிறகு அம்மா ஊர் மாறி, வேறொருவரைத் திருமணம் செய்துகொண்டார். 1956இல் பெண் பிறந்தார். “நீ என் மகனுக்குப் பிறந்தவள் இல்லை, உன் அப்பா பெரிய ஓவியர்” என்ற அர்த்தத்தில் சிறுவயதில் பாட்டியே தன்னிடம் சொன்னதாக அவர் கூறினார். டாலியின் முகத்திலிருந்து எடுத்த மரண முகமூடியில் ஒட்டியிருந்த முடி, தோலை வைத்து 2007இல் சோதனை நடந்தது. அதில் தெளிவான முடிவு வரவில்லை. 2015இல் வழக்கு. 2017 ஜூனில் மாட்ரிட் நீதிமன்றம், வேறு சாம்பிள் இல்லை என்பதால் உடலைத் தோண்டி எடுக்க உத்தரவிட்டது.

பணத்துக்காகவா? கேட்டலோனியச் சட்டப்படி, உயிலில் பெயர் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குச் சொத்தில் கால் பங்கு அளவுக்கு உரிமை கோர வழி உண்டு. டாலியின் சொத்தில் கால் பங்கு என்றால் சின்னத் தொகை இல்லை. ஆனால், தன் அடையாளம் தெரிய வேண்டும், அம்மா சொன்னது பொய் இல்லை என்று நிரூபிக்க வேண்டும் என்பதையே அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டும் ஒரே மனதில் இருக்கக் கூடாதா என்ன?

2017 செப்டம்பர் 6 அன்று ரிசல்ட் வந்தது. டாலி அவருடைய அப்பா இல்லை.

சாம்பிள் எப்படிப் பேசும்?

இதில் அறிவியல் பகுதி நாம் நினைப்பதைவிட எளிமையானது. ஒவ்வொருவரின் டி.என்.ஏ-விலும் பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து. ஆய்வகத்தில் ஏறக்குறைய 20 குறிப்பிட்ட இடங்களைப் பார்ப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் பிள்ளையிடம் உள்ள இரண்டு அளவுகளில் ஒன்று அம்மாவோடு பொருந்தும், மற்றொன்று அப்பாவோடு பொருந்த வேண்டும். ஓரிடத்தில் பொருந்தாவிட்டால் தற்செயல் மாற்றமாக இருக்கலாம். பல இடங்களில் பொருந்தாவிட்டால் அவர் அப்பா இல்லை, அவ்வளவுதான். ‘இல்லை’ என்ற பதிலை டி.என்.ஏ மிக உறுதியாகச் சொல்லும்.

சிக்கல், சாம்பிள் கிடைப்பதில்தான். புதைத்த உடல் என்றால் எலும்பும் பல்லும் பல ஆண்டுகள் தாங்கும். உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் டி.என்.ஏ-வைச் சிதைக்கும் என்பதால்தான் டாலி விஷயத்தில் எலும்பு வரை போக வேண்டியிருந்தது. எரித்துவிட்டால்? சாம்பலில் டி.என்.ஏ கிடைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அப்போது, என்றோ பயாப்சிக்காக எடுத்து மருத்துவமனை லேபில் மெழுகுக் கட்டியில் வைத்திருக்கும் சதைத் துணுக்கு உதவலாம். அதுவும் இல்லையென்றால் உறவினர்களிடம் போக வேண்டும்.

உறவினர் சாம்பிளில் ஒரு வித்தியாசம் உண்டு. ஆண்களின் ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் வரும். எனவே உரிமை கோருபவர் ஆண் என்றால், இறந்தவரின் மகனோ தம்பியோ கொடுக்கும் சாம்பிள் போதும், ஒரே தந்தைவழியா இல்லையா என்று சொல்லிவிடலாம். பெண் என்றால் இந்த வழி கிடையாது. அப்பா மட்டும் ஒன்றான சகோதரர்களுக்கு இடையே சராசரியாக 25 சதவீதம் டி.என்.ஏ ஒத்துப்போகும். அது ‘ஆம்’, ‘இல்லை’ என்று சொல்லாது, ‘இருக்கலாம்’ என்பதற்கு ஒரு சதவீதம் கொடுக்கும். நீதிமன்றத்தில் இரண்டு தரப்பும் அந்தச் சதவீதத்தை வைத்துக்கொண்டு சண்டை போடலாம்.

ஒய் குரோமோசோம் கதையில் பெரிய உதாரணம் அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சன். தன்னிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் மூலம் அவருக்குக் குழந்தைகள் இருந்தன என்று 1802லேயே பத்திரிகையில் வந்தது. கிட்டத்தட்ட 200 ஆண்டுகள் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். ஜெஃபர்சனுக்குத் திருமணத்தில் பிறந்து பிழைத்து வளர்ந்த மகன் இல்லை. அதனால் அவருடைய பெரியப்பா வழி ஆண் வாரிசுகளின் ரத்தத்தை எடுத்தார்கள். ஹெமிங்ஸின் கடைசி மகன் எஸ்டன் வழி வந்தவரோடு அது பொருந்தியது என்று 1998இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வு வெளியானது.

அப்படியும் கேள்வி தீரவில்லை. ஒய் குரோமோசோம் காட்டுவது ஜெஃபர்சன் குடும்பத்து ஆண் ஒருவர் என்பதை மட்டும்தான். அவருடைய தம்பியாகவும் இருக்கலாமே என்றார்கள். குழந்தைகள் கருவான காலத்தில் ஜெஃபர்சன் எங்கே இருந்தார் என்ற பழைய குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்துத்தான், அவரே தந்தையாக இருக்க அதிக வாய்ப்பு என்று அவர் வீட்டை நிர்வகிக்கும் அறக்கட்டளை 2000இல் ஒப்புக்கொண்டது. ஆனால் குடும்பக் கல்லறையை வைத்திருக்கும் வாரிசுகள் சங்கம், ஹெமிங்ஸ் வழியினரை உறுப்பினராகச் சேர்க்க 2002இல் மறுத்து வாக்களித்தது. ஆய்வகம் ஒன்று சொன்னது, சொந்தங்கள் வேறொன்று சொன்னார்கள்.

முதலில் ‘அப்பா’, பிறகு ‘இல்லை’

டாலிக்கு முன்பே ஐரோப்பாவை உலுக்கிய இன்னொரு வழக்கு, பிரெஞ்சு நடிகரும் பாடகருமான இவ் மோந்தானுடையது. ஒரு நடிகை, தன் மகளுக்கு மோந்தான்தான் அப்பா என்றார். உயிரோடு இருந்தவரை ரத்தப் பரிசோதனைக்கு மோந்தான் ஒத்துக்கொள்ளவில்லை. 1991இல் இறந்துவிட்டார்.

1994இல் பாரிஸ் நீதிமன்றம், சோதனைக்கு மறுத்தது, சாட்சியங்கள், முக ஜாடை எல்லாவற்றையும் வைத்து அவரையே தந்தை என்று அறிவித்தது. குடும்பம் மேல்முறையீடு செய்தது. 1998இல் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில், மனைவி சிமோன் சின்யோரேவுக்குப் பக்கத்தில் இருந்த அவர் உடல் தோண்டப்பட்டது. டி.என்.ஏ முடிவு: மோந்தான் அப்பா இல்லை.

அதாவது நான்கு ஆண்டுகள் சட்டப்படி மகளாக இருந்தவர், ஓர் ஆய்வக அறிக்கையில் மகள் இல்லை என்றானார். ‘டெஸ்ட்டுக்கு வர மறுத்தால் உண்மையைத்தானே மறைக்கிறார்’ என்று நாம் சட்டென்று நினைப்போம். மோந்தான் மறைக்க எதுவும் இல்லாமலே மறுத்திருக்கிறார்.

கல்லறையைத் தோண்டியது பிரான்ஸில் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. 2004இல் சட்டத்தையே மாற்றினார்கள். உயிரோடு இருக்கும்போது வெளிப்படையாகச் சம்மதம் தெரிவித்திருந்தால் ஒழிய, இறந்தவர் உடலிலிருந்து டி.என்.ஏ எடுத்துத் தந்தை யார் என்று பார்க்கக் கூடாது.

இரண்டே ஆண்டுகளில் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் எதிர்த்திசையில் ஒரு தீர்ப்பு சொன்னது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர், இறந்துபோன தன் தந்தை என்று நம்பியவரின் உடலில் டி.என்.ஏ எடுக்க அனுமதி கேட்டார், அந்நாட்டு நீதிமன்றங்கள் மறுத்தன. 2006இல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தான் யாருக்குப் பிறந்தோம் என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் வயதானால் குறைந்துவிடாது, அதுவும் அவருடைய தனிவாழ்க்கை உரிமைதான் என்பது தீர்ப்பின் சாரம்.

செஸ் ரசிகர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். பாபி ஃபிஷர் 2008இல் ஐஸ்லாந்தில் இறந்தார், உயில் இல்லை. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு சிறுமி அவர் மகள் என்று சொல்லப்பட்டது. 2010இல் சவக்குழியைத் தோண்டி சாம்பிள் எடுத்தார்கள். அதிலும் ‘இல்லை’ என்றே வந்தது.

மூன்று கல்லறைகள், மூன்றிலும் ‘இல்லை’. அதற்காக இப்படி வருபவர்கள் எல்லோரும் பொய்க்காரர்கள் என்று முடிவுகட்டினால் அடுத்த கதை இடிக்கும்.

என்.டி.திவாரி கேஸ் ஏன் முக்கியம்?

உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் என இரு மாநிலங்களில் முதல்வராக இருந்த என்.டி.திவாரிதான் தன் தந்தை என்று ரோஹித் சேகர் 2008இல் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். திவாரி மறுத்தார். சாம்பிள் தர முடியாது என்றார். ஆண்டுக்கணக்கில் இழுத்தார். தேவைப்பட்டால் போலீஸ் உதவியோடு எடுக்கலாம் என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, 2012 மே மாதம் டேராடூன் வீட்டில் ரத்தம் கொடுத்தார். ஹைதராபாத் ஆய்வகத்தின் அறிக்கை ஜூலையில் வந்தது. அவர்தான் அப்பா. 2014இல் திவாரி வெளிப்படையாக மகனை ஏற்றுக்கொண்டார், 2018இல் இறந்தார்.

வழக்குத் தொடங்கியபோது திவாரிக்கு 80 வயதைத் தாண்டியிருந்தது. நடுவில் அவர் இறந்திருந்தால் ரோஹித் சேகர் என்ன செய்திருப்பார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. ரோஹித் பிறந்தபோது அவர் அம்மா வேறொருவரின் மனைவி. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்றால், செல்லுபடியாகும் திருமணம் நீடிக்கும்போதோ, அது முடிந்து அம்மா மறுமணம் செய்யாத நிலையில் 280 நாட்களுக்குள்ளோ பிறந்த குழந்தை, அந்தக் கணவரின் முறையான பிள்ளை. இதற்கு மேல் கேள்வி கிடையாது. கருவான காலத்தில் கணவனும் மனைவியும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும் இதே விதி 116ஆவது பிரிவாக அப்படியே இருக்கிறது.

‘முறையான பிள்ளையா’ என்பது வேறு, ‘பெற்ற அப்பா யார்’ என்பது வேறு என்று பிரித்துப் பார்த்துத்தான் 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் திவாரிக்கு டி.என்.ஏ சோதனை உத்தரவிட்டது. ஆனால் 2025 ஜனவரியில், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் அப்படிப் பிரிக்க முடியாது என்றது. கணவனோடு சேர வாய்ப்பில்லை என்று முதலில் நிரூபிக்காமல் மூன்றாம் நபரை டி.என்.ஏ சோதனைக்கு இழுக்க முடியாது. அவருக்கும் அந்தரங்க உரிமை இருக்கிறது, அந்தத் தாயின் மானமும் பார்க்கப்பட வேண்டும் என்பது காரணம்.

டாலி வழக்குப் போட்ட பெண் இந்தியாவில் பிறந்திருந்தால்? அம்மாவின் திருமணத்துக்குள் பிறந்தவர் என்பதால், அநேகமாகக் கல்லறை வரை போயிருக்கவே முடியாது. சட்டம், ‘உங்களுக்கு ஏற்கெனவே ஒரு அப்பா இருக்கிறார்’ என்று வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.

நிரூபித்தால் சொத்து வருமா?

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். டி.என்.ஏ பாசிட்டிவ் என்றால் சொத்தில் பங்கு என்று சீரியல்கள் பழக்கிவிட்டன.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், ‘உறவு’ என்பதற்கான விளக்கத்திலேயே திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் தாய்க்கும், தங்களுக்குள்ளும் மட்டுமே உறவினர் என்று இருக்கிறது. அப்பா உயில் எழுதாமல் இறந்தால், டி.என்.ஏ எத்தனை சதவீதம் காட்டினாலும் அவர் வழியில் வாரிசாக வருவது கஷ்டம்.

அம்மா, அப்பாவுக்குள் ஏதோ ஒரு திருமணம் நடந்திருந்தால் கதை மாறும். முதல் மனைவி இருக்கும்போதே செய்துகொண்ட இரண்டாவது திருமணம் சட்டப்படி செல்லாது. ஆனால் அதில் பிறந்த பிள்ளை, இந்து திருமணச் சட்டம் 16ஆவது பிரிவின்படி முறையான பிள்ளைதான். அப்பாவின் சொத்தில் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்பாவுக்கு வரக்கூடிய பங்கிலும் உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நீண்ட காலம் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தால், திருமணம் நடந்ததாகவே அனுமானிக்கலாம் என்றும் தீர்ப்புகள் உண்டு.

அதனால்தான் நம்மூரில் இப்படி ஒரு வழக்கு வந்தால், ரத்தத்தைவிடக் காகிதத்துக்கு மவுசு அதிகம். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர், பழைய ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ, பணம் அனுப்பிய ரசீது. ‘பெரிய வீட்டு’ வக்கீலும் ‘சின்ன வீட்டு’ வக்கீலும் மல்லுக்கு நிற்பது இவற்றை வைத்துத்தான். (அந்த இரண்டு பட்டங்களே ஒரு தீர்ப்பு மாதிரிதான் இருக்கின்றன.)

சென்னையில் வந்த வழக்கு

தமிழ்நாடு இதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறது. அங்கே கேள்வி அப்பா யார் என்பது அல்ல, அம்மா யார் என்பது. முன்னாள் முதல்வர் ஜெயலலிதா இறந்து ஓராண்டில், பெங்களூரைச் சேர்ந்த ஒரு பெண் தன்னை அவருடைய மகள் என்று கூறி நீதிமன்றம் வந்தார். மெரினாவில் அடக்கம் செய்யப்பட்ட உடலைத் தோண்டி டி.என்.ஏ சோதனை செய்ய வேண்டும் என்றார். மருத்துவமனையில் ரத்த மாதிரி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. பெண் பிறந்ததாகச் சொன்னது 1980 ஆகஸ்ட். அதற்கு முந்தைய மாதம் நடந்த சினிமா விருது விழாவில் ஜெயலலிதா கலந்துகொண்ட வீடியோவை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் காட்டியது. 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. கல்லறை திறக்கப்படவில்லை. 2020இல் ஜெயலலிதாவின் அண்ணன் பிள்ளைகள் இருவரும் சட்டப்படியான வாரிசுகளாக அறிவிக்கப்பட்டார்கள்.

அந்த இருவரில் ஒருவரான தீபா, ஜெயலலிதா வாழ்க்கையைத் தழுவிய ‘தலைவி’ படத்தை எதிர்த்து வழக்குத் தொடர்ந்ததும் நினைவிருக்கலாம். ஒருவரின் அந்தரங்க உரிமையும் புகழும் அவரோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுகளுக்குச் சொத்து மாதிரி கைமாறாது என்று 2021இல் உயர் நீதிமன்றம் சொன்னது. இந்தத் தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு, ‘இறந்தவரின் உடலில் சாம்பிள் எடுக்கக் குடும்பம் மறுக்க முடியாது’ என்று நாளை யாராவது வாதாடலாம். இந்தியாவில் அதற்குத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஒவ்வொரு வழக்கிலும் அந்தந்த நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும்.

ஃபிகரஸில் மிச்சம் இருந்தது

2017 அக்டோபரில் மாட்ரிட் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்து, செலவையும் அந்தப் பெண் தலையில் கட்டியது. இப்படி ஓர் உத்தரவே வந்திருக்கக் கூடாது என்று கோபப்பட்ட அறக்கட்டளை, கடைசியில் முற்றுப்புள்ளி விழுந்ததாக நிம்மதி அடைந்தது.

டி.என்.ஏ அறிக்கை டாலி அப்பா இல்லை என்று மட்டும்தான் சொன்னது. பாட்டி ஏன் அப்படிச் சொன்னார், அம்மா என்ன நினைத்தார் என்பதெல்லாம் அதில் இல்லை.

ஆய்வுக்கு எடுத்துப்போன எலும்புகள் 2018 மார்ச்சில் மாட்ரிட்டிலிருந்து திரும்பி வந்தன. மியூசியத்தின் பழைய நாடக மேடைக்குக் கீழே, அதே கல்லுக்கு அடியில், திரும்ப வைத்து மூடினார்கள்.